ஏழாவது கேள்வி

கிரிம்ஸ்பியில் நவம்பர்.
பதினான்காம் அறையின் ஹீட்டர்
இருமுறை இருமிவிட்டு நின்றுபோனது.
ஒன்பதாம் ஆண்டு, நான்காம் பாடவேளை,
சாப்பாட்டுக்கு முந்தைய மணி:
யாரும் எந்தக் கடலையும் நம்பாத நேரம்.

கடல்நீர் இருபத்தேழு பாகைக்குச் சூடேற வேண்டும் என்கிறேன்.
"நம்ம கடல் எவ்வளவு, மிஸ்?"
பத்து. மிஞ்சினால் பதினொன்று.
டெக்லன் தன் கோட்டை இன்னும் இழுத்து மூடிக்கொள்கிறான்.

திரையில் செயற்கைக்கோள் படம்,
வெள்ளைச் சுருள், நடுவில் ஒரு துளை.
குளியல் தொட்டியில் இறங்கும் நுரை என்கிறது வகுப்பு.
எனக்கு ஜிலேபி.

நில நடுக்கோட்டுக்கு வடக்கே அது இடம்சுழி.
நாங்கள் வலம் வருகிறவர்கள்.
லூவிஷத்தில் கம்பளம் விரித்த கோயிலில்
நான் எதிர்ப்பக்கமாய்ச் சுற்றப் போனால்
அம்மா தோளைப் பிடித்துத் திருப்பிவிடுவாள்.
பாடத்திட்டத்தில் அம்மாவுக்கு இடமில்லை.
கொரியோலிஸ் விசை என்று எழுதிப்போட்டு
இரண்டு முறை அடிக்கோடு இட்டேன்.

ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும்.
பதினோரு வருடமாய்ப் புயல் நடத்துகிறேன்,
புயலைப் பார்த்ததில்லை.
எனக்குத் தெரிந்த பெருங்காற்று
பக்கத்து வீட்டு டிராம்போலினைத் தூக்கி
எங்கள் வேலிமேல் உட்காரவைத்தது.
அவ்வளவுதான்.

ஊசிக்குக் காது வைத்த என் மொழி
தேங்காய்க்கு மூன்று கண் வைத்தது,
புயலுக்கு ஒன்று.
"நடுவில் இருப்பது கண். அதற்குள்..."
என்று வாயெடுக்கும்போது
தீ ஒத்திகை மணி.

மைதானம். ஈரப்புல். அகர வரிசை.
தூறல் நின்றிருந்தது.
ரக்பிக் கோட்டின் மேல் வரிசையாய்க் கடற்காகங்கள்,
அவையும் பெயர் கூப்பிடக் காத்திருப்பதுபோல்.

செப்டம்பரில் சேர்ந்தவன் ஜெர்வின்.
தாய்க்கு மருத்துவமனையில் இரவுப் பணி.
இதுவரை "யெஸ் மிஸ்" தவிர ஒன்றும் பேசாதவன்,
பறவைகளைப் பார்த்தபடியே சொன்னான்:

"கண்ணுக்குள்ள பறவை இருக்கும், மிஸ்.
அந்தச் சுவரைத் தாண்ட அதுங்களால முடியாது.
உள்ளயே பறந்து, உள்ளயே களைச்சு,
எங்க ஸ்கூல் மைதானத்துல வந்து விழுந்துச்சுங்க.
வெயில் அடிச்சுது.
என் தம்பி ஒண்ணை எடுக்க ஓடினான்."

நிறுத்திவிட்டான்.
என் கையில் வருகைப் பதிவேடு.
அதில் இரண்டே கட்டங்கள்: வந்தவர், வராதவர்.
நான் கேட்கவில்லை.
கெய்ரா கேட்டுவிட்டாள்:
"தம்பி?"

"வந்துட்டான். பறவையோட.
கூரைதான் வரல."
பிறகு, எதையோ சரிபார்க்கிறவன்போல,
"இந்தப் பக்கம் சாஞ்ச மரமெல்லாம்
அந்தப் பக்கம் சாஞ்சுது" என்றான்.

யாரும் சிரிக்கவில்லை.
யாரும் ஒன்றும் சொல்லவுமில்லை.
மணி அடித்து உள்ளே போனோம்.

புயலுக்குப் பின்னே அமைதி என்பார் அப்பா,
எல்லாவற்றுக்கும்.
பாதிப் புயலுக்குப் பின்னும் அதே அமைதிதான்,
வெயிலோடு வருகிறது.

இரவு. இருபத்தெட்டுத் தாள்கள்.
ஏழாவது கேள்வி:
கண் கடந்த பின் என்ன நடக்கும்? இரண்டு மதிப்பெண்.
காற்று எதிர்த்திசையில் வீசும், ஒன்று.
வேகம் மீண்டும் கூடும், ஒன்று.

ஜெர்வின், அளவெடுத்த எழுத்தில்,
இதையே எழுதியிருக்கிறான்.
காற்புள்ளிகூட விடைக்குறிப்பில் உள்ளபடி.
இரண்டுக்கு இரண்டு.

டெக்லன்தான் எழுதியிருக்கிறான்,
பாதி அழித்து, மேலே திரும்ப எழுதி:
"பறவையைக் கையில் வைத்திருப்பவன்
உடனே ஓட வேண்டும்."

விடைக்குறிப்பின் மூன்று பக்கமும் புரட்டினேன்.
தேநீர் ஆறிப்போனது.
அவன் வரியின் ஓரத்தில்
பச்சை மையில் எழுதினேன்:

எந்தத் திசையில்?