பத்தொன்பது நாள் பாக்கி

மாதம் முந்நூற்று நாற்பது குரோனா.
இங்கேலா நோர்ஷோப்பிங்கில் டிராம் ஓட்டுகிறாள்.
இருபத்தைந்தாம் தேதி சம்பளம்,
இருபத்தேழில் சிக்ஸ்டனின் பிரீமியம்.
குட்டைக் கால், நெடிய முதுகு,
படியேறக் கூடாத சாதி.
அந்த முதுகு ஒருநாள் பில்லாகும் என்று
வாங்கும்போதே அவளுக்குத் தெரியும்.
கம்பெனிக்கும் தெரியும்.
அதனால்தான் அந்த விலை.

நோயில் விழுவான் என்று அவள் பணம் கட்டினாள்,
விழமாட்டான் என்று கம்பெனி.
இப்படியொரு பந்தயம்.
மாதாமாதம் தோற்று
மாதாமாதம் நிம்மதியாகத் தூங்கினாள்.

மேல்மாடி ஹில்டிங் சிரிப்பார்:
"அந்தக் காசைத் தனியே போட்டு வைத்தால் போதாதா?"
தன் பூனைக்கு அப்படித்தான் போட்டார்.
ஏழாயிரம் சேர்ந்திருந்தபோது
பூனை ஊசியை நூலோடு விழுங்கியது.
முப்பத்தோராயிரம் என்றார்கள்.
யோசிக்க ஒரு தனி அறை கொடுத்தார்கள்.
அதற்குப் பிறகு
ஹில்டிங் கணக்குப் பேசுவதில்லை.

ஒன்பதாம் வருடம், மார்ச்.
சிக்ஸ்டனின் பின்னங்கால்கள் எழவில்லை.
வரவேற்பில் இருந்த பெண்
பெயருக்கு முன் பாலிசி எண் கேட்டாள்.
நாற்பத்தெட்டாயிரம்.
முதல் மூவாயிரம் அவளுடையது,
மிச்சத்தில் நூற்றுக்குப் பதினைந்தும்.
காத்திருந்த இரவில் டிக்கெட்டின் பின்புறம்
கூட்டிக் கழித்துப் பார்த்தாள்:
கட்டியது போக, வந்தது போக,
ஒன்பது வருடத்தில் ஜெயித்தது
ஆயிரத்து ஐந்நூற்று முப்பது.

யார் வீட்டுப் பணம்?
லூலியோவில், உறைந்த ஆற்றங்கரையில்
ஏதோ ஒரு நாய் ஓடிக்கொண்டிருக்கும்,
ஒரு தும்மல்கூட இல்லாமல்.
அதன் ஆள் சலித்துக்கொண்டே கட்டியிருப்பார்.
ஓடு, என்றாள் முகம் தெரியாத நாயிடம்.
இன்னும் ஓடு.
உன் ஆள் தோற்றுக்கொண்டே இருக்கட்டும்.

சிக்ஸ்டன் நடந்தான், கொஞ்சம் கோணலாக.
வயது ஏறியது, விலையும் ஏறியது.
அறுநூற்றுப் பத்து.
பேரம் பேச வாயெடுத்தவள்
வேறு எந்தக் கம்பெனி
பதினொரு வயதைச் சேர்க்கும் என்று
மூடிக்கொண்டாள்.

நவம்பரில், வெப்பக் குழாயோரம்,
தூக்கத்தில் போனான்.
யாருக்கும் ஒரு காசு செலவில்லை.

கடைசி நிறுத்தத்தில் பிரேக்கைப் போட்டுவிட்டுக்
கடிதத்தைப் பிரித்தாள்.
'காப்பீடு செய்யப்பட்ட பொருள்
தற்போது இல்லாததால்
மீதிப் பத்தொன்பது நாட்களுக்கு
முந்நூற்று எண்பத்தாறு குரோனா
திருப்பி அனுப்பப்படுகிறது.'
கண்ணாடியைத் தட்டி ஒருவர் கேட்டார்,
வண்டி கிளம்புமா?
கிளம்பியது, இரண்டு நிமிடம் தாமதமாக.

அடுத்த மாதம் இருபத்தேழாம் தேதி
கணக்கைத் திறந்து பார்த்தாள்.
பணம் அப்படியே இருந்தது.