நாலு புள்ளி

வேலணையிலிருந்து முதல் பஸ்ஸில் வந்தவ
திலகசோதி ரீச்சர், கணிதம்.
கையைப் பிடித்தால்
நாடி, ஊர்காவற்றுறைப் பாதைப்படகின் கிழட்டு எஞ்சின்:
ஓடும், நிற்கும், இரண்டு தரம் இடறும்.

கிளினிக் கொப்பியின் ஓரத்தில் கூட்டினேன்.
பிரஷர் ஒன்று. சீனி ஒன்று.
வயது எழுபத்துநாலு, ஒன்று.
பெண், அதற்கும் ஒன்று.

"பொம்பிளை எண்டதுக்கும் புள்ளியோ?
இவ்வளவு நாளும் ஒருத்தரும் தரேல்லை."

நாலு என்றால்
நூறு பேர் ஏறிய பஸ்ஸில்
வருடத்துக்கு நாலைந்து பேர்
வாய் கோணி, ஒரு கை செத்து இறங்குவர்.
எந்த சீற் என்று எனக்குத் தெரியாது.

கைப்பையிலிருந்து அஸ்பிரின் அட்டையை எடுத்து வைத்தா.
எட்டு வருடம், ஒரு இரவும் தவறவில்லை.
இதயத்தில் உறையும் கட்டியை
இந்தக் குளிசை மறிக்காது என்று
நான் சொல்ல வேண்டியிருந்தது.
வோர்பரின் என்றேன். மாதாமாதம் இரத்தம் சோதிக்க வேணும் என்றேன்.
வரிசையில் யாரோ இருமினர்.

ரீச்சர் என் பேனையை வாங்கினா.
"வாற மாசம் பன்னிரண்டு, எனக்கு எழுபத்தஞ்சு.
அப்ப வயசுக்கு எத்தினை?"
"இரண்டு."

நாலை வெட்டி
ஐந்து போட்டா.
பக்கத்தில் சிறிதாய்க் கையெழுத்தும் வைத்தா.