நிகழ்காலம் மட்டும்

மன்னார்குடி மேல ராஜவீதியில்
உரக்கடைக்கு மேல் மாடி.
செவ்வாய், வெள்ளி, ஏழிலிருந்து எட்டரை.
பூச்சிமருந்து வாசனையில்
ஸ்பானிஷ் படிக்கிறோம், ஆறு பேர்.

ஃபிலோமினா டீச்சர்
பனாமாவில் ஒரு துணிக்கிடங்கில்
எட்டு வருஷம் கணக்கெழுதியவர்.
இலக்கணம் கேட்டால்
"அது தானா வரும், மொதல்ல வாயத் தொறங்க" என்பார்.
திறக்கிறோம்.

கூத்தாநல்லூர் ஜுலைகாவுக்கு மாட்ரிட்டில் கணவர்.
லேத் பட்டறை குலோத்துங்கனுக்கு
அர்ஜெண்டினா ஆட்டத்தை
அவர்கள் வர்ணனையிலேயே கேட்க வேண்டும்.
பல் டாக்டர் எதற்கு வருகிறார் என்று அவருக்கே தெரியாது.
எல்.ஐ.சி. பிரபாவதி காரணம் சொன்னதில்லை,
இதுவரை மூன்று பாலிசி பிடித்திருக்கிறார்.
எனக்கு இறால் கம்பெனியில் வேலை.
வலென்சியாவிலிருந்து கூப்பிடும் ஆள்
ஆங்கிலத்தில் எப்போதும் கோபமாக இருக்கிறான்.

ஆறாவது, அமிர்தகடேசன்.
என் பங்காளி.
பதினோரு வருஷமாய்ப் பேச்சுவார்த்தை கிடையாது.
காரணம் ஒன்றரை அடி அகல வாய்க்கால்.
அதில் ஓடிய தண்ணீரைவிட
திருவாரூர் கோர்ட்டுக்கு ஓடிய பஸ் அதிகம்.
அவன் ரசீது என் ரசீதுக்கு அடுத்த எண்.
முன்பே தெரிந்தால் சேர்ந்திருக்க மாட்டேன்.
கட்டிய பணம் திரும்பாதாம்.

முதல் மாதம் நாக்கோடு மல்லுக்கட்டு.
பெரோ என்றால் 'ஆனால்'.
பெறோ என்றால் நாய்.
"சின்ன ர, பெரிய ற, அவ்வளவுதான்" என்கிறார் டீச்சர்.
கரையையும் கறையையும் ஒன்றாகவே சொல்லி வளர்ந்த ஊர்.
"வருகிறேன், நாய், நாளைக்கு" என்றார் குலோத்துங்கன்.
அமிர்தகடேசன் சிரித்துவிட்டான்.
எனக்கு வந்ததை
இருமலாக்கிக்கொண்டேன்.

மூன்றாம் மாதம் ஜோடிப் பயிற்சி.
சீட்டுக் குலுக்கினார் டீச்சர்.
அவருக்கு எங்கள் வாய்க்கால் தெரியாது.
முழங்காலுக்கும் முழங்காலுக்கும் ஒரு ஜாண்.

'உஸ்தெத்' என்று ஆரம்பித்தான். தாங்கள்.
ஒரே குளத்தில் துணியில்லாமல் குதித்தவனைத் தாங்கள்.
தங்களுக்கு உடன்பிறந்தவர்கள் உண்டா?
புத்தகத்தில் உள்ள கேள்வி.
இல்லை என்றேன்.
பங்காளிக்கு அந்த மொழியில் என்ன சொல் என்று
எனக்குத் தெரியவில்லை.
'ப்ரீமோ' என்றேன். 'உனோ'.
ஒரே ஒருவன்.

அவன் மகள் பார்சிலோனாவில் படிக்கிறாள்.
'கொராஸோன்' என்று நெஞ்சைத் தட்டி
விரலால் ஒரு குழாய் வரைந்து காட்டினான்.
உள்ளே வைத்திருக்கிறார்கள்.
நான்கு வீடு தள்ளி இருப்பவன் சேதி
இந்த வழியாக வந்துசேர்ந்தது.

நாற்பது வினைச்சொல் இருக்கிறது கையில்.
சண்டைக்கு ஆகாது.
வரப்பை வெட்டினாய்,
மதகை அடைத்தாய்,
அப்பா சாவுக்கு வரவில்லை,
எல்லாம் இறந்தகாலம்.
இறந்தகாலம் இன்னும் நடத்தவில்லை.

படியிறங்கினால் தமிழ்.
பேசமாட்டோம்.
அவன் பைக் பாமணிப் பாலம் தாண்டும்வரை
டீக்கடையில் நிற்பேன்,
டீ வேண்டாத நாளிலும்.

போன வாரம் ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது.
விடிகாலை மதகோரம்
மண்வெட்டியோடு நிற்கிறான்.
இந்தப் பக்கம் நான்,
என் மண்வெட்டியோடு.
"அய் ஆகுவா?" தண்ணீர் இருக்கிறதா?
யார் கேட்டது என்று பார்த்தேன், நான்தான்.
"அய்" என்றான்.
குனிந்து ஒரு கொத்துச் சேற்றை அள்ளிப் போட்டு
நிமிராமலே சொன்னான்,
"பாரா தி, மஞானா."
உனக்கு, நாளைக்கு.
உனக்கு என்றான். தங்களுக்கு இல்லை.

மறுநாள் வந்தது. முட்டிக்குக் கீழே, கலங்கலாய்.

நேற்று டீச்சர் பலகையில் எழுதினார்,
அடுத்த செவ்வாயிலிருந்து இறந்தகாலம்.
ஜுலைகா கைதட்டினாள்.
"நிகழ்காலமே இன்னும் சரியா வரல டீச்சர்" என்றான் அமிர்தகடேசன்.
"இன்னொரு மாசம் இதுவே நடத்துங்க."
ஃபேன் சுற்றும் சத்தம்.

"ஆமா டீச்சர்,
அவன் சொல்றது சரிதான்" என்றேன்,
தமிழில்.