கசப்புப் பூச்சு

பழைய பற்றரி செத்தது செவ்வாய் பின்னேரம்,
விண்ணிப்பெக்கில், மைனஸ் இருபத்தொன்பதில்.
ஒரேயடியாகச் சாகவில்லை.
முதலில் பத்தடி தள்ளி நின்றால் கேட்காமல் விட்டது,
பிறகு நாலடி,
கடைசியில் கண்ணாடியோடு ஒட்டிப் பிடித்து
காதில் இரகசியம் சொல்வதுபோல்
அழுத்த வேண்டியிருந்தது.

மருந்துக்கடையில் ஏழு டொலர் தொண்ணூற்றொன்பது.
அட்டையை வெட்டக் கத்தரிக்கோல் வேண்டும்.
அங்கே கத்தரிக்கோலும்
அதேமாதிரி அட்டைக்குள்தான் இருந்தது.

காசாளர் மேசையோரம் நின்று
பல்லால் கிழித்து,
நகத்தால் சாவியின் விளிம்பை நெம்பினேன்.
மட்டி மாதிரிப் பிளந்தது.
உள்ளே பச்சைத் தகடு,
என் சிவப்புக் கம்பளி மேலாடையின் நூல் ஒன்று
(அதை எறிந்து மூன்று வருடம்),
எப்படிப் போனதோ, ஒரு பெருஞ்சீரகம்.

புதியதை வைத்தேன். பிளஸ் கீழே.
டக்.
வெளியே போய் அழுத்தினேன்.
கார் பேசவில்லை.

உள்ளே வந்தேன். பிளஸ் மேலே.
டக்.
வெளியே. இல்லை.
கையுறையைக் கழற்றினால் விரல் இல்லை,
போட்டால் பொத்தான் இல்லை.

மற்றச் சாவி போர்ட் மக்மரியில்,
குகராசனின் காற்சட்டைப் பையில்.
நான்கு மாதமாக அது
எதையும் திறக்காமல் அவரோடு வேலைக்குப் போய் வருகிறது.
அழைத்தேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“போனைக் கதவோட ஒட்டி வையும்,
நான் இஞ்சயிருந்து அழுத்துறன்.”
“விசரோ உங்களுக்கு?”
“வச்சுத்தான் பாருமன்.”

வைத்தேன்.
ஆயிரத்தெழுநூறு கிலோமீட்டருக்கு அப்பால்
அவருடைய பெருவிரல் க்ளிக் என்றது.
எனக்கு வடிவாகக் கேட்டது.
காருக்குக் கேட்கவில்லை.
“திறந்ததோ?”
“இல்லை.”
“இன்னொருக்கா?”
இன்னொருக்கா. அதற்குப் பிறகும் ஒருக்கா.
சாமான் வண்டில் தள்ளிவந்த மனிதர் ஒருவர்
நின்று பார்த்துவிட்டுப் போனார்.
செத்த வீடு கேட்க எடுத்தவரிடம்
காரைப் பேசவிட்டிருக்கிறேன் என்று
நினைத்திருப்பார்.

மூன்றாம் முறை உள்ளே வந்தபோது
மரிசெல் என்று சட்டையில் குத்தியிருந்தவள்
கையை நீட்டினாள், தா என்று.
பற்றரியை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள்.
இதன்மேல் கசப்பு பூசியிருக்கிறார்கள்,
பிள்ளைகள் வாயில் போட்டால் துப்புவதற்கு.
சில சாவிகளுக்கு அது மறைக்கும்.
தடுப்பூசிக்குமுன் கை துடைக்கிற
சின்னப் பொதி ஒன்றைத் தந்தாள்.

நான் நம்பவில்லை.
நுனிநாக்கால் தொட்டேன்.

வேப்ப மரமில்லாத இந்த ஊரில்
சின்னவளுக்குப் பால் மறக்கடிக்க
சார்ஜன்ட் தெருப் பிலிப்பினோ கடையில்
பாவற்காய் வாங்கி அரைத்துப் பூசினேன்.
அது மார்ச் மாதம். அவர் அப்போதும் அங்கேதான்.
வாய் வைத்தாள்.
முகம் கோணிற்று.
நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்,
இது நீதானா என்று கேட்பதுபோல.
பிறகு கண்ணை மூடிக்கொண்டு குடித்தாள்.
அன்றும் குடித்தாள், அடுத்த நாளும்.
மூன்றாம் நாள் பாவற்காயைக் கறிக்குப் போட்டேன்.

துடைத்தேன். இரண்டு பக்கமும், விளிம்பும்.
தகட்டின் மெல்லிய தகரக் காலை
ஊசியால் கொஞ்சம் நிமிர்த்திவிட்டாள் மரிசெல்.
டக்.
வெளியே போகத் தெம்பில்லை.
கடைக் கண்ணாடிக்கு உள்ளேயே நின்று அழுத்தினேன்.

பறக்கிற பனித்தூளுக்குள்
மூன்றாம் வரிசையில் எங்கோ
மஞ்சள் வெளிச்சம் இரண்டு தரம் வந்தது.
மரிசெல் எனக்குமுன் கண்டாள்.

காருக்குள் இருந்து,
சூடு பிடிக்கும்வரை,
கசந்த வாயோடு அவருக்கு எழுதினேன்:
திறந்திட்டுது.

சாப்பாட்டு மணி முடிந்திருக்க வேண்டும்.
ஆனாலும் உடனே வந்தது பதில்:
நான் அழுத்தினது
இப்பதான் வந்து சேர்ந்திருக்கு.