மூன்று விரற்கடை

விண்ணப்பத்தில் கூரை வகை என்றொரு கட்டம்:
கான்கிரீட், ஓடு, தகரம், கீற்று, இதர.
ஒச்சம்மாள் எதிலும் டிக் போடாமல்
ஓரத்தில் எழுதியிருந்தார்:
‘கப்பலில் வந்த பெட்டி. நாற்பதடி.’

தூத்துக்குடியில் ஏலம் எடுத்து
நடுராத்திரி டிரெய்லரில் ஏற்றி
பேரில் மட்டும் கப்பல் இருக்கிற
கப்பலூரில் திரும்பி
செக்கானூரணிக்குத் தெற்கே மூன்றரை சென்ட் கரிசலில்
கிரேன் இறக்கி வைத்துவிட்டுப் போனது.
பக்கத்துக் காட்டு ஆடுகள்
இரண்டு நாள் அந்தப் பக்கம் மேயவில்லையாம்.

மேலதிகாரி கேட்டார்: இது வண்டியா வீடா?
வண்டி என்றால் நம் கோப்பு இல்லை.
வீடு என்றால் அஸ்திவாரம் எங்கே?

போய்ப் பார்த்தேன்.
ஆறு குட்டித் தூண், தலைக்குத் தலை இரும்புத் தகடு,
தகட்டோடு பெட்டியைப் பற்றவைத்திருந்தது.
அவரேதான். பாடி பட்டறையில்
பதினோரு வருஷமாக லாரிகளுக்குப் பற்றவைக்கிறவர்.
ஒட்டு, விரால் செதிள்போல் வரிசை மாறாமல் கிடந்தது.
கரிசல் கோடையில் வாய் பிளந்தால்
சுவர் வெடிக்கும், இது வெடிக்காது,
சாயாமல் இருந்தால் சரி.
வீடு என்று எழுதினேன்.

பக்க இடைவெளி ஐந்தடி: இருக்கிறது.
கரியும் உப்பும் கொட்டிப் புதைத்த எர்த் குழாய்: இருக்கிறது.
தரைப் பலகையில் பூச்சிமருந்து ஏறியிருப்பதாகக்
கதவுத் தகடே சொல்கிறது, அதைப் பெயர்க்கணும் என்றேன்.
“பேத்தாச்சு சார். பய தரையிலதான் படுப்பான்.”

உயரம்.
விதி, இரண்டு மீட்டர் எழுபத்தைந்து.
டேப், இரண்டு அறுபத்தொன்பது.
“மூணு வெரக்கடதான சார்?”
மூன்றுதான்.
வெயிலுக்குத் தெர்மாகோல் அடித்தால் ஐந்தாகும்.
அடிக்காவிட்டால் இட்லிச் சட்டி.

விதி ஏன் அந்த உயரம் கேட்கிறதென்று
விதியில் எழுதியிருக்காது.
சித்திரை மதியம், கதவைச் சாத்திக்கொண்டு
பத்து நிமிடம் உள்ளே நின்றேன்.
தலைக்குமேல் ஓரிடம் வேண்டும்,
சூடு எழுந்து போய் உட்கார.
சட்டையைப் பிழிந்துகொண்டு வெளியே வந்து
‘உயரம் போதாது’ என்று எழுதியபோது
அவர் என்னைத் திட்டவில்லை.
பெட்டியைச் சுற்றி ஒருமுறை நடந்தார்.
பழைய கப்பல் கம்பெனியின் எழுத்து
பாதி சுரண்டியபடி இருந்தது.

மூன்று வாரம் கழித்துப் போன் வந்தது.

கூரைத் தகட்டை நாலு பக்கமும் அறுத்திருந்தார்.
பட்டறையிலிருந்து எட்டு லாரி ஜாக்கி,
எட்டுப் பேர், ஒரு விசில்.
விசிலுக்கு ஒரு அழுத்து என்று
கூரை கொஞ்சம் கொஞ்சமாக மேலே போயிருக்கிறது.
இடையில் இரண்டடிக்கு ஒரு சதுரக் குழாய்,
கொசுவலைக் கம்பி,
தெர்மாகோலும் வெள்ளைத் தகடும் வெளியே, மேலே.
“மூணு வெரக்கட கேட்டீக. ஒரு மொழம் இருக்கு.”

டேப்பை நீட்டினேன். மூன்று பதினான்கு.
காற்றோட்டத்துக்குத் தனியாக ஒரு பக்கம் வைத்திருந்தேன்,
அதையும் அந்த இடுக்கே நிரப்பிவிட்டது.
வடகிழக்கில் அதன் வழியே
நாகமலை முழு நீளத்துக்கும் படுத்திருந்தது.
நின்று பார்த்தால் தெரியவில்லை,
அவர் மகன் ஸ்டூல் கொண்டுவந்து போட்டான்.

ஆபீஸ் வந்து கட்டத்தைத் திறந்தேன்.
கூரை வகை: இதர.
விவரம் எழுத விரல் அகலத்துக்குத்தான் இடம்.
யோசித்து, ‘தூக்கப்பட்டது’ என்று எழுதி அனுப்பினேன்.

கோப்பு திரும்பி வந்திருக்கிறது.
அந்தச் சொல்லைச் சிவப்பில் சுழித்து
மேலதிகாரி கேட்டிருக்கிறார்:
எங்கிருந்து?