இருபத்தேழு மில்லிகிராம் கவனம்

அல் நஹ்தாவில், மருந்துக்கடைக்கு மேல்மாடி.
காப்பீட்டில் பல் உண்டு, கண் உண்டு,
மனசு கிடையாது சார் என்கிறாள் கவுண்டர் பெண்.
ஐந்நூற்றைம்பது திர்ஹாம்.

"பதினெட்டு எப்படிப் போகிறது?"
டாக்டர் ஹனான் திரையைப் பார்த்தபடி கேட்கிறார்.
பத்து மணிக்கு எல்லாம் வரிசையில் நின்றன, டாக்டர்.
டெண்டர் வரைபடத்தை ஒரே மூச்சில் முடித்தேன்.
மூன்று மணிக்கு வரிசை கலைந்துவிட்டது.
பசியும் இல்லை.
டப்பாச் சோறு அப்படியே வீடு திரும்பியதை
கோபம் என்று நினைத்துவிட்டாள் திலகா.

இருபத்தேழு என்று எழுதுகிறார்.
மறுபடி நான்கு வாரம், மறுபடி ஐந்நூற்றைம்பது.

கீழே
அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு
முப்பதையும் இருமுறை எண்ணுகிறார் மருந்தாளர்.
என் பொறாமை அவருக்குத் தெரியாது.

வெளியே நாற்பத்தாறு டிகிரி.
காரை எங்கே விட்டேன்?
சாவியை அழுத்தி அழுத்தி நடக்கிறேன்,
எங்காவது ஒன்று
கீச்சென்று பதில் சொல்லும்வரை.