பிரிவு பதினொன்று

நாவலில் நாய் ஒன்று.
எங்களிடம் மூன்று:
நடக்க மிட்டாய், நீந்த கப்பல்,
செத்ததுபோல் படுக்கத் துரை.
விலங்கு நல வாரியப் படிவத்தில்
'எத்தனை' என்ற கட்டத்துக்குள்
செபஸ்தியான் மூன்று என்று எழுதி
பக்கத்தில் பொடியாக 'ஒரே நாய்' என்றும் எழுதினான்.
படிவம் திரும்பி வந்தது.

கதை இதுதான்.
ரங்கூனில் குண்டு விழுந்த மார்கழியில்
கிட்டங்கியைப் பூட்டி, சாவியைத் துணியில் முடிந்துகொண்டு
பெட்டியடிப் பையன் நடக்கத் தொடங்குகிறான்.
பின்னால், யாரும் கூப்பிடாமல், ஒரு நாய்.
அரக்கான் மலையில் பையன் விழுகிறான்.
நாய் அந்த முடிச்சைக் கவ்விக்கொண்டு
பள்ளத்தூர் வந்து சேர்கிறது.
முன்னூற்றுப் பன்னிரண்டு பக்கம்.
கடைசிச் சொல்: கதவு.

"கதவு திறக்கணும்மா" என்றார் தயாரிப்பாளர்.
"ரெண்டரை மணி நேரம் அழுதவன்
பார்க்கிங்ல வண்டி எடுக்கும்போது சிரிக்கணும்."

நான் திரைக்கதைக்கு வந்தவள்.
நாயின் நினைப்புக்கென்றே பதினான்கு பக்கம்
பின்னணிக்குரல் எழுதி வைத்திருந்தேன்.
வாசனைக்கு மட்டும் ஐந்து பக்கம்.
இயக்குநர் தாமரைச்செல்வி படித்துவிட்டுக் கேட்டாள்:
"இது பேசினா எந்த ஊர்த் தமிழ் பேசும்?"
அன்றிரவே பதினான்கும் போயின.

அரக்கான் காடு தைலமரத் தோப்பில் கிடைத்தது.
வரிசை பிசகாமல் நட்ட காடு;
கேமராவைக் கொஞ்சம் சாய்த்தால் தெரியாது.
புகை போட்டோம். இருமியது நாங்கள்.
மிட்டாய் எதற்கும் அசையாது,
எங்காவது மயில் அகவினால் மட்டும்
ஆயிரம் மைல் பயணத்தைப் போட்டுவிட்டு ஓடும்.

ஆற்றுக்கு ஊருணி.
கரையில் குடத்தோடு நின்ற பெண்
எந்த ஆறு என்று கேட்டாள்.
ஐராவதி என்றேன்.
"அப்ப முதலை கெடக்குமே" என்று
ஒரு படி மேலே ஏறி நின்றுகொண்டாள்.

வீடு மட்டும் வேஷமில்லை.
தூணெல்லாம் பர்மாத் தேக்கு.
எங்கள் படத்தில் நிஜமாகவே
அங்கிருந்து வந்தது அது ஒன்றுதான்.
நாள் வாடகை, முன்பணம், எட்டுப் பக்க ஒப்பந்தம்.
பிரிவு பதினொன்று:
பிராணிகள் எதுவும் வாசற்படி தாண்டக் கூடாது.

கோலாலம்பூரில் உரிமையாளருக்குப் போன் போட்டாள் தாமரை.
"படம் பூரா அது இந்த வீட்டுக்குத்தான் சார் வருது."
அவர் மரியாதையாகவே சொன்னார்:
"வரட்டும்மா. வாசல் வரைக்கும் வரட்டும்."

கடைசி நாள். வெயில் இறங்கும் நேரம்.
துரை வாயில் துணி, துணிக்குள்
கலைத்துறை துருவேற்றிய சாவி.
மூடிய கதவுக்கு முன் நின்றது.
முடிச்சைப் படியில் வைத்தது.
எழுதியிருந்தது அதுவரைதான்.
பிறகு செபஸ்தியானின் சைகை எதையும் பார்க்காமல்
கதவுக்கு முதுகு காட்டி
எங்களை நோக்கி உட்கார்ந்துகொண்டது.
கட் சொல்லத் தாமரை வாயெடுக்க,
கதவு திறந்தது.

வீட்டைப் பார்த்துக்கொள்ளும் வயிரவன்.
எல்லாம் முடிந்தது என்று நினைத்துவிட்டாராம்.
ஒரு கால் உள்ளேயே இருக்கக் குனிந்து
ஆரஞ்சுப் பிளாஸ்டிக் மக்கிலிருந்து
படிக்கல்லின் குழியில் தண்ணீர் ஊற்றினார்.
"உள்ள வரக் கூடாது. தெரியும்ல?"
துரை திரும்பிக் குடித்தது.
குழி காயும்வரை நக்கியது.
கதவு சாத்தியது.

யாரும் கட் சொல்லவில்லை.
பதினான்கு பக்கம் எழுதியவள்
மானிட்டருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

அந்த மக்கைப் பித்தளைச் செம்பாக்க
கணினிக்காரர்கள் கேட்ட தொகை
ரங்கூன் குண்டுவீச்சைவிட அதிகம்.
தயாரிப்பாளர் முனகிக்கொண்டே கொடுத்தார்:
திறந்ததே கதவு.
வயிரவன் பணம் வாங்கவில்லை.
"நாய்க்குத் தண்ணி வச்சதுக்கு வவுச்சரா?"

சாமான் ஏற்றும்போது கலைத்துறை நோட்டில்
ஒன்று குறைந்தது.
வண்டியின் பின்பக்கம் போய்ப் பார்த்தவன்
கை நீட்டினான், உறுமல் கேட்டான்,
திரும்பி வந்து எழுதினான்:
பழைய சாவி, துணியோடு, ஒன்று.
நாயிடம்.